நெருப்பில்லாத நீராவி எஞ்சின்: மின்சாரம் எங்கே தொலைகிறது?

மேசை மீது ஓடும் விளையாட்டு ரயில்களில் பெரும்பாலானவை மின்மோட்டாரால் ஓடுபவை. புகைபோக்கியும் பிஸ்டன் தண்டும் அவற்றில் இருந்தாலும் அவை வெறும் தோற்றத்திற்கே. ஆனால் உண்மையாகவே நீரைக் கொதிக்க வைத்து, நீராவியைச் சிலிண்டருக்குள் செலுத்தி, அதன் அழுத்தத்தால் சக்கரங்களைச் சுழற்றும் சிற்றெஞ்சின்களும் உண்டு. இவற்றை உயிருள்ள நீராவி எஞ்சின்கள் என்று இத்துறையினர் அழைப்பர். சற்றுப் பெரிய அளவில் செய்யப்படுபவை நிலக்கரியாலோ, எரிசாராயத்தாலோ, வாயு அடுப்பாலோ சூடேற்றப்படுகின்றன. மிகச் சிறியவற்றில் ஒரு விந்தை நடக்கிறது. அங்கு நெருப்பே இல்லை. தண்டவாளங்களின் வழியே வரும் மின்சாரம் கொதிகலனுக்குள் உள்ள சூடேற்றியைச் சூடாக்க, அதனால் நீர் கொதிக்கிறது.

இவ்வகையில் பலரும் அறிந்தது இங்கிலாந்தின் ஹார்ன்பி நிறுவனம் 2003இல் வெளியிட்ட 'மல்லார்டு' என்னும் சிற்றெஞ்சின். இதன் மூலமான பெரிய மல்லார்டு, நைஜல் கிரெஸ்லி வடிவமைத்த 4468 எண்ணுள்ள எஞ்சின். 1938 ஜூலை 3ஆம் நாள் மணிக்கு 126 மைல், அதாவது ஏறத்தாழ 203 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, நீராவி எஞ்சின்களின் உலகச் சாதனையைப் படைத்தது. அதை 76இல் ஒரு பங்காகச் சுருக்கி, 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையில் ஓட விட்டார்கள். கொதிகலன் எஞ்சினின் வயிற்றில் இல்லை. பின்னால் இணைந்துவரும் நிலக்கரி வண்டிக்குள் மறைந்திருக்கிறது. அங்கிருந்து நீராவி ஒரு மெல்லிய குழாய் வழியே முன்னே வருகிறது.

மின்சாரத்தால் நீராவி உண்டாக்கி ரயில் ஓட்டுவது விளையாட்டுக்காரர்களின் வேடிக்கை மட்டும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது சுவிட்சர்லாந்துக்கு நிலக்கரி கிடைப்பது அரிதாயிற்று. நீர்மின்சாரமோ அங்கு தாராளம். ஆகவே 1942-43இல் அந்நாட்டு ரயில்வேயினர் 8521, 8522 என்னும் இரு சிறிய நீராவி எஞ்சின்களின் கூரைமேல் மின்கம்பியைத் தொடும் சட்டத்தைப் பொருத்தி, 15,000 வோல்ட் மின்சாரத்தை மின்மாற்றிகளால் குறைத்து, அதைக் கொண்டு கொதிகலனைச் சூடேற்றினார்கள். பக்கத்தில் மின்கம்பி இல்லாத இடங்களிலும், சேமித்து வைத்த நீராவியைக் கொண்டு சிறிது நேரம் அவை ஓடின. நமது மேசை மீதுள்ள எஞ்சினுக்கு இவற்றை மூத்த உறவினர் எனலாம்.

இத்தகைய சிற்றெஞ்சினை வைத்திருப்போர் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. 'சூடாகிறது, சற்றே ஓடுகிறது, பிறகு சோர்ந்து நின்றுவிடுகிறது.' உடனே அவர்கள் பழி போடுவது மின்சாரம் தரும் பெட்டியின் மீது. பெட்டியின் முனைகளில் மின்னழுத்தமானியை வைத்துப் பார்த்தால் அளவு சரியாகவே இருக்கும். அடுத்த பழி எஞ்சின் மீது விழும். அதைப் பிரித்துப் பார்த்தாலும் குறை ஒன்றும் தென்படாது. இதற்கு விடை பெரும்பாலும் பெட்டியிலும் இல்லை, எஞ்சினிலும் இல்லை, இரண்டுக்கும் இடையில் உள்ள வழியில் இருக்கிறது. அது ஏன், அதை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதைக் காண்போம்.

சிறியதாவதால் வரும் தொல்லை

ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் 76இல் ஒரு பங்காகக் குறைத்தால், அதன் மேற்பரப்பு 5,776இல் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் கனஅளவோ 4,38,976இல் ஒரு பங்காகிவிடுகிறது. அதாவது, ஒவ்வொரு சொட்டு நீருக்கும் வெப்பத்தை இழக்கும் மேற்பரப்பு பெரிய எஞ்சினில் இருப்பதைப்போல் 76 மடங்கு. அண்டாவில் உள்ள வெந்நீர் நெடுநேரம் சூடாக இருக்கும். தேக்கரண்டியில் எடுத்த வெந்நீர் கண் இமைப்பதற்குள் ஆறிவிடும். இது அதே கதைதான். ஆகவே சிற்றெஞ்சினின் கொதிகலனுக்குள் செல்லும் வெப்பத்தில் கணிசமான பங்கு, நீராவி ஆவதற்கு முன்பே காற்றுக்குப் போய்விடுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நிலக்கரியால் ஓடும் எஞ்சினில் சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவியைப் புகைபோக்கிக்குள் செலுத்துவார்கள். 1804இல் ரிச்சர்டு டிரெவிதிக் பெனிடாரனில் ஓட்டிய எஞ்சினிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. வெளியேறும் நீராவி புகையை இழுத்துச் செல்ல, அடுப்புக்குள் புதுக்காற்று புகுகிறது. எஞ்சின் கடுமையாக உழைக்க உழைக்க நெருப்பும் கொழுந்துவிடுகிறது. தேவைக்கு ஏற்ப வெப்பம் தானே கூடும் அற்புதமான அமைப்பு அது. மின்சூடேற்றிக்கு இந்த அறிவு கிடையாது. எஞ்சின் ஒரு பெட்டியை இழுத்தாலும் ஆறு பெட்டியை இழுத்தாலும் அது தரும் வெப்பம் ஒன்றே. கிடைக்கும் வெப்பத்தில் ஒரு பங்கு வழியிலேயே தொலைந்தால், ஈடுசெய்ய எதுவும் இல்லை. அழுத்தம் இறங்கும், எஞ்சின் நிற்கும்.

சாதாரண விளையாட்டு ரயிலில் தண்டவாள மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் வேகத்தை மாற்றுகிறோம். இங்கு அவ்வாறு செய்ய முடியாது. சூடேற்றிக்கு மின்சாரம் தொடர்ந்து சென்றாக வேண்டும். ஆகவே வேகத்தை மாற்ற நீராவிக் குழாயில் ஓர் அடைப்பிதழ் உண்டு. அதைத் திறக்கவும் மூடவும் தண்டவாளங்கள் வழியாகவே கட்டளை செல்கிறது. வழியில் தடை மிகுந்தால் சூடு குறைவது மட்டுமின்றி, இந்தக் கட்டளையும் தட்டுத்தடுமாறும்.

ஒரே ஓர் ஓம் செய்யும் கொள்ளை

கணக்கு எளிதாக அமையும் பொருட்டு, பெட்டி 16 வோல்ட் தருகிறது என்றும், சூடேற்றியின் தடை 4 ஓம் என்றும் வைத்துக்கொள்வோம். இவை நமது எடுத்துக்காட்டுக்கான எண்களே. உங்கள் எஞ்சினுக்குரிய எண்களை அதனுடன் வந்த குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் தடையே இல்லையெனில் மின்னோட்டம் 4 ஆம்பியர். சூடேற்றியில் தோன்றும் வெப்பம் 64 வாட். சாதாரண மோட்டார் எஞ்சின் ஓர் ஆம்பியர்கூடக் கேட்காது என்பதை நினைவில் கொள்க.

இப்போது வழியில் எங்கோ 1 ஓம் தடை புகுந்துவிட்டது. மொத்தத் தடை 5 ஓம். மின்னோட்டம் 3.2 ஆம்பியராகக் குறைகிறது. சூடேற்றிக்குக் கிடைப்பது 12.8 வோல்ட். அதாவது மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. ஆனால் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே 64 வாட் 41 வாட்டாகிவிடுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போயிற்று!

கதை இத்துடன் முடியவில்லை. கொதிகலன் சூடாக இருக்கும்போது காற்றுக்கு 15 வாட் இழக்கிறது என்போம். இந்த இழப்பு கொதிகலனின் வெப்பநிலையைப் பொறுத்ததேயன்றி, நாம் தரும் மின்சாரத்தைப் பொறுத்தது அன்று. கூலி குறைந்தது என்பதற்காக வீட்டு வாடகை குறையாது அல்லவா? முதல் நிலையில் நீராவி உண்டாக்க எஞ்சியது 49 வாட். இரண்டாம் நிலையில் எஞ்சுவது 26 வாட். வளிமண்டலத்துக்கு மேல் 2 மடங்கு அழுத்தத்தில், ஏறத்தாழ 134 பாகை செல்சியஸில், ஒரு கிராம் நீரை ஆவியாக்க 2,160 ஜூல் வேண்டும். எனவே நிமிடத்துக்கு 1.4 கிராம் நீராவி தந்த கொதிகலன் இப்போது 0.7 கிராமே தருகிறது. ஒரே ஓர் ஓம் தடை, நீராவியில் பாதியைக் கொள்ளையடித்துவிட்டது. தொடக்கத்தில் நான்கு நிமிடத்தில் அழுத்தம் ஏறிய எஞ்சின் இப்போது ஏழு நிமிடம் எடுத்துக்கொள்ளும்.

இதைக் கண்டதும் சிலர், 'பெட்டியை மாற்றி 20 வோல்ட் கொடுத்தால் என்ன?' என்பர். செய்யவே கூடாது. மின்னழுத்தம் கால் பங்கு கூடினால் வெப்பம் ஒன்றரை மடங்குக்கும் மேலாகும். தடை மிகுந்த தொலைவில் அது சரியாகத் தோன்றும். எஞ்சின் சுற்றி வந்து, மின்சாரம் நுழையும் இடத்துக்கு அருகில் வந்ததும் சூடேற்றி முழு 20 வோல்ட்டையும் வாங்கி 100 வாட்டில் எரியும். தேய்ந்த பாதையைச் சரிசெய்யாமல் மாட்டை அடிப்பதுபோல்தான் இது.

அளவி ஏன் ஏமாற்றுகிறது?

பழுதைத் தேடுபவர் முதலில் செய்வது என்ன? எஞ்சினைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பாதையின் கடைக்கோடியில் மல்டிமீட்டரின் முனைகளை இரு தண்டவாளங்களிலும் வைத்துப் பார்ப்பார். அது 16 வோல்ட் என்று அழகாகக் காட்டும். 'பாதை நன்றாக இருக்கிறது' என்று அவர் முடிவு கட்டுவார். இங்குதான் எல்லாரும் வழி தவறுகிறார்கள்.

தடையின் குறுக்கே மின்னழுத்தம் இறங்குவது, அதன் வழியே மின்னோட்டம் பாயும்போதுதான். மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. 1 ஓம் அல்ல, 1,000 ஓம் தடை வழியில் இருந்தாலும் அந்தச் சிறு மின்னோட்டத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும், திருகைத் திறக்காதவரை அழுத்தமானி முழு அழுத்தத்தைத்தானே காட்டும்! தண்ணீர் பிடிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஆகவே சுமையோடு அளக்க வேண்டும். எஞ்சினில் முறைப்படி நீர் நிரப்பி, சூடேறிக்கொண்டிருக்கும்போது, அதன் பக்கத்தில் தண்டவாளங்களுக்கு இடையே அளக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் இப்படிச் செய்வது சிரமம். நீர் தீர்ந்துபோகும் அபாயமும் உண்டு. எஞ்சினுக்குப் பதிலாக ஒரு போலிச் சுமையை வைப்பதே நல்லது. லாரிகளின் முகப்பு விளக்குக்குரிய 24 வோல்ட், 70 அல்லது 75 வாட் பல்புகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால், 16 வோல்ட்டில் அவை நாலரை ஆம்பியரை ஒட்டி இழுக்கும். கார்களின் 12 வோல்ட் பல்பு வேண்டாம். 16 வோல்ட்டில் அது விரைவில் கருகிவிடும். ஒரு சிறு எச்சரிக்கை. குளிர்ந்த பல்பு இழையின் தடை, ஒளிரும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். இணைத்த நொடியில் பாயும் பெரு மின்னோட்டத்தைக் குறுக்குச் சுற்று என்று எண்ணிப் பெட்டி தானே நின்றுவிடலாம். அவ்வாறு நின்றால் பெட்டி கெட்டுவிட்டது என்று பொருளன்று. பல்புகளை ஒவ்வொன்றாக இணைத்துப் பாருங்கள். பல்பு பொசுக்கும் அளவு சூடாகும் என்பதையும் மறவாதீர்கள்.

தெருக்கோடி வீட்டில் மாலையில் விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். நமது பாதையிலும் அதைக் காணலாம். பல்பை நுழைவாயிலுக்கு அருகில் வைத்து, பிறகு ஒவ்வொரு முழமாக நகர்த்திக்கொண்டே போனால் ஒளி எங்கே மங்குகிறது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

தொலைந்த வோல்ட்டைத் தேடி

மங்கும் இடம் தெரிந்தபின் நுட்பமான வேலை தொடங்குகிறது. சுமையைப் பாதையின் கடைக்கோடியில் எரியவிட்டு, மல்டிமீட்டரை இரு தண்டவாளங்களுக்கு இடையே வைக்காமல், ஒரே தண்டவாளத்தின் ஓர் இணைப்புக்கு இப்புறம் ஒரு முனையும் அப்புறம் ஒரு முனையுமாக வைக்க வேண்டும். நல்ல இணைப்பானால் ஒரு வோல்ட்டின் நூறில் சில பங்குகளே காட்டும். கெட்ட இணைப்பானால் அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டிவிடும். இப்படிப் பெட்டியின் ஒரு முனையில் தொடங்கி, கம்பி, செருகி, இணைப்பு, தண்டவாளம், பாதை பிரியும் முள் என்று ஒவ்வொன்றின் குறுக்கேயும் அளந்து எழுதிக்கொண்டு போகலாம். திரும்பிவரும் தண்டவாளத்தையும் விட்டுவிடக் கூடாது. எல்லாவற்றையும் கூட்டினால் தொலைந்த வோல்ட்டுக்குச் சரியாகக் கணக்கு வர வேண்டும். சுமைக்குக் கிடைப்பது 12.8 வோல்ட், தொலைந்தது 3.2 வோல்ட் என்றால், ஒரு கம்பியில் 0.4, ஒரு முள்ளில் 0.6, தண்டவாளத்தில் 0.3, ஒரே ஓர் இணைப்பில் 1.9 என்பதுபோல் கணக்கு முடியும். கிர்க்காஃப் விதியைப் பாடப்புத்தகத்தில் நெட்டுருப் போட்டவர்களுக்கு அது உயிர்பெற்று எழும் இடம் இது.

அளவி இல்லாதவர்களுக்கு விரல் இருக்கிறது. 0.2 ஓம் தடையுள்ள இணைப்பில் 4 ஆம்பியர் பாய்ந்தால் அங்கு 3.2 வாட் வெப்பம் தோன்றுகிறது. கடுகளவு தகட்டுக்கு அது மிக அதிகம். சில நிமிடம் கழித்துத் தொட்டால் அந்த இணைப்பு மட்டும் சுடும். கீழேயுள்ள பிளாஸ்டிக் கட்டைகள் சிலவேளை இளகியே போவதுண்டு. 16 வோல்ட் தொடுவதற்கு ஆபத்தில்லாதது. ஆனால் கையில் மோதிரம் வேண்டாம். உலோகம் இரு தண்டவாளங்களையும் ஒன்றாகத் தொட்டால் அதுவே சுட்டுவிடும்.

இணைப்புகள் ஏன் கெடுகின்றன? தண்டவாளத் துண்டுகளைச் சேர்ப்பது வெறும் மடித்த தகடு. கழற்றி மாட்ட மாட்ட அதன் பிடி தளர்கிறது. உள்ளே தூசியும் எண்ணெயும் சேர்கின்றன. ஓர் ஆம்பியருக்குக் குறைவாகக் கேட்கும் மோட்டார் எஞ்சின் இதைப் பொறுத்துக்கொள்ளும். நீராவி எஞ்சின் பொறுக்காது. பல ஆண்டு குறையின்றி ஓடிய பாதையில் இவ்வெஞ்சின் வந்ததும் தகராறு தொடங்குவதன் காரணம் இதுவே. பாதை கெடவில்லை. அதைச் சோதிக்கும் பரீட்சை கடினமாகிவிட்டது.

தண்டவாளமும் ஒரு சிறு தடையே. அது பெரும்பாலும் ஜெர்மன் வெள்ளி எனப்படும் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையால் ஆனது. துரு பிடிக்காது, பார்க்க அழகு. ஆனால் அதே கனமுள்ள செம்பைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் தடை தரும். நீண்ட பாதையில் மின்சாரத்தைத் தண்டவாளத்தை மட்டும் நம்பி அனுப்பக் கூடாது. மேசைக்கு அடியில் தடித்த செம்புக் கம்பி ஓட்டி, அதிலிருந்து பாதைக்குப் பல இடங்களில் கிளை கொடுக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்பையும் ஈயப்பற்று வைத்து இறுக்கிவிட ஆசை தோன்றும். அவ்வாறு செய்தால் கோடையில் தண்டவாளம் விரிவடைய இடமின்றிப் பாதை வளையும். இணைப்பைத் தளர்வாகவே விட்டு, அதன் குறுக்கே சிறு செம்புக் கம்பியை ஈயப்பற்று வைத்துப் பாலம் போடுவதே முறை. பெரிய மின்ரயில் பாதைகளிலும் தண்டவாள இணைப்புகளின் குறுக்கே செம்புக் கம்பி தொங்குவதைக் காணலாம்.

கம்பியின் கனத்தை அற்பமாக எண்ண வேண்டாம். பெட்டியைச் சற்றுத் தள்ளி வைக்க விரும்பி, கையில் கிடைத்த மணிக் கம்பியைக் கொண்டு நீட்டிவிடுவோர் பலர். குறுக்குப் பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டர் உள்ள செம்புக் கம்பியை 5 மீட்டர் தொலைவுக்கு இழுத்தால், போகவும் வரவுமாக 10 மீட்டர். அதன் தடை 0.86 ஓம்! நாம் மேலே கண்ட கொள்ளைக்காரன் ஏறத்தாழ முழு உருவில் இதோ நிற்கிறான். அதே தொலைவுக்கு வீட்டு மின்னிணைப்பில் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை இட்டால் தடை 0.07 ஓம் மட்டுமே.

எஞ்சினே தன் பாதையைக் கெடுப்பது

சில எஞ்சின்கள் முதல் பத்து நிமிடம் சிறப்பாக ஓடி, பிறகு பாதையின் எல்லா இடங்களிலும் ஒரேபோல் சோர்ந்துபோகும். இது இணைப்பின் பழுதாக இருக்க முடியாது. இணைப்புப் பழுதானால் ஓர் இடத்தில் மட்டுமே தெரியும். இங்கு குற்றவாளி எஞ்சினே. நீராவி எஞ்சினின் சிலிண்டருக்கு எண்ணெய் ஊட்ட வேண்டும். அந்த எண்ணெய் நீராவியோடு கலந்து வெளியேறி, குளிர்ந்து, சக்கரத்திலும் தண்டவாளத்திலும் மெல்லிய படலமாகப் படிகிறது. எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. சக்கரம் அப்படலத்தின் மீது ஓடும்போது தொடர்பு கணத்துக்குக் கணம் அறுகிறது. அறும் ஒவ்வொரு கணமும் ஒரு தீப்பொறி. தீப்பொறியில் எண்ணெய் கருகிக் கரியாகப் படிகிறது. கரி மேலும் தடையைக் கூட்டுகிறது. மேலும் பொறி பறக்கிறது. இருட்டறையில் ஓட்டிப் பார்த்தால் சக்கரங்களின் அடியில் நீலப் பொறிகள் தெரியும்.

இதற்கு மருந்து துடைப்பதுதான். ஓட்டி முடித்ததும், இடையில் ஒருமுறையும், பஞ்சு இழை ஒட்டாத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் தண்டவாளத்தின் தலைப்பகுதியையும் சக்கரங்களின் விளிம்பையும் துடைக்க வேண்டும். மின்சாரத்தை முற்றிலும் நிறுத்திய பின், எஞ்சின் ஆறிய பின் மட்டுமே இதைச் செய்க. இத்திரவம் எளிதில் தீப்பற்றும். உப்புத்தாளால் தேய்ப்பது எனக்கு உடன்பாடில்லை. அப்போதைக்குப் பளபளக்கும், ஆனால் தாள் விடும் கீறல்கள் அடுத்த முறை அழுக்குக்கு வீடாகின்றன.

பெட்டியின் மீதே குற்றமானால்

வழியெல்லாம் சரி என்று தெளிந்த பிறகே பெட்டியைச் சந்தேகிக்க வேண்டும். பெட்டியின் வெளியீட்டு முனைகளில் சுமையோடு அளந்து, அங்கேயே மின்னழுத்தம் குறைந்தால் பெட்டியில் குறை உண்டு. அதைத் திறந்து பார்க்கும் ஆர்வம் மாணவர்களுக்கு வேண்டாம். உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. குறியறிந்து, தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதே நாம் செய்யக்கூடியது.

குறிகளில் ஒன்று, கால் மணி நேரம் ஓடி நின்று, ஆறியதும் மீண்டும் உயிர்பெறுவது. இது மின்மாற்றியில் உள்ள வெப்பக் காப்புச் சாவியின் வேலை. பெட்டியைக் கம்பளத்தின் மீதோ மூடிய அலமாரியிலோ வைத்தால் இப்படி நேரும். எழுந்து காற்றாடும் இடத்தில் வைத்தாலே பல பெட்டிகள் குணமாகிவிடுகின்றன. இன்னொன்று, எஞ்சின் சூடாகும், ஆனால் போதிய நீராவி எழாது. மாறுதிசை மின்னோட்டத்தை நேராக்கும் நான்கு டயோடுகளில் ஒன்று செயலிழந்தால், அலையின் ஒரு பாதி மட்டுமே வெளிவரும். வெப்பம் சரியாகப் பாதியாகும். அப்போது அளவியும் பாதி மின்னழுத்தமே காட்டும். 'பாதி மின்னழுத்தம் என்றால் வெப்பம் கால்பங்குதானே?' என்று கூர்ந்து படிப்போர் கேட்கலாம். நல்ல கேள்வி. பாதி நேரம் முழு வேகத்தில் எரிகிறது, பாதி நேரம் ஓய்கிறது; ஆகவே வெப்பம் பாதி. சாதாரண அளவி காட்டுவது சராசரியை. வெப்பமோ சராசரியை அன்றி, இருமடிகளின் சராசரியைப் பின்பற்றுகிறது. மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பிச் சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டிகளிலும் இதே மயக்கம் நேரும். அவற்றுக்கு உண்மை ஆர்.எம்.எஸ். காட்டும் அளவி தேவை.

வெளிநாட்டிலிருந்து வாங்கியவர்கள் மற்றொன்றையும் பார்க்க வேண்டும். 230 வோல்ட்டுக்கு அமைந்த மின்மாற்றியை அமெரிக்காவில் 120 வோல்ட்டில் செருகினால் வெளியீடு பாதியை ஒட்டியே இருக்கும்; வெப்பம் கால் பங்கு அளவாகிவிடும். எஞ்சினை ஓட்டப் போதிய நீராவி எழாது. மாறாக 120 வோல்ட் பெட்டியை நம் வீட்டுச் செருகியில் மாட்டினால் சோதிக்க வேண்டிய அவசியமே இராது. புகை சொல்லிவிடும்.

சூடேற்றியின் நாடி

இறுதியாக எஞ்சினுக்குள் இருக்கும் சூடேற்றி. இது நிக்ரோம் கம்பியை மக்னீசியம் ஆக்சைடு பொடியில் புதைத்து உலோக உறைக்குள் அடைத்தது. நம் வீட்டில் வாளியில் வைக்கும் இம்மர்ஷன் ஹீட்டரின் குட்டி. நிக்ரோமின் தடை சூட்டால் அதிகம் மாறாது. ஆகவே குளிர்ந்த நிலையிலேயே அதன் முனைகளில் அளந்து, உரிய எண்ணோடு ஒப்பிடலாம். நாலைந்து ஓம் அளக்கும்போது அளவியின் சொந்தக் கம்பிகளே அரை ஓம் வரை காட்டக்கூடும். முதலில் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு அந்த எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். முடிவற்ற தடை காட்டினால் கம்பி அறுந்துவிட்டது. கம்பிக்கும் உறைக்கும் இடையே தடை குறைவாக இருந்தால், நெடுநாள் பெட்டியில் கிடந்து பொடி ஈரம் உறிஞ்சியிருக்கலாம்.

கிணற்று நீரை ஊற்றினால் சுண்ணாம்பு படியும் என்பதை அறிவோம். காய்ச்சி வடித்த நீரையே இதற்குப் பயன்படுத்துவர். படிவு வந்தால் வெப்பம் குறையும் என்று பலர் நினைக்கின்றனர். அடுப்பில் வைத்த பாத்திரத்துக்கு அது பொருந்தும். மின்சூடேற்றியிலோ 64 வாட் உள்ளே போனால் 64 வாட் வெளியே வந்தே தீர வேண்டும். சுண்ணாம்பு போர்த்தியிருந்தால் அதைத் தாண்டி வருவதற்காகக் கம்பி இன்னும் சூடாகும். எஞ்சின் குறையின்றி ஓடும். சூடேற்றியின் ஆயுள் குறையும். எஞ்சினின் ஓட்டத்தில் தெரியாத பழுது இது.

நீர் தீர்ந்த பிறகும் மின்சாரம் ஓடுவது இதன் கொடிய வடிவம். நிமிடத்துக்கு 1.4 கிராம் என்னும் கணக்கில் 20 மில்லிலிட்டர் நீர் பதினான்கு நிமிடம் தாங்கும். வழித்தடையைக் களைந்து முழு வெப்பமும் கிடைக்கச் செய்தவர்கள் இந்த இடத்தில் சற்று விழிப்பாக இருக்க வேண்டும். முன்பு சோர்வாக ஓடி இருபத்தைந்து நிமிடம் வந்த நீர் இப்போது அவ்வளவு நேரம் வராது. பழைய பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கொதிகலன் வறண்டுவிடும். பழுது நீக்கிய அன்று, முதல் ஓட்டத்தைப் பத்து நிமிடத்தில் நிறுத்தி, ஆறவிட்டு, எவ்வளவு நீர் எஞ்சியிருக்கிறது என்று ஊசிக்குழலால் உறிஞ்சி அளந்து பாருங்கள். உங்கள் எஞ்சினுக்குரிய புதிய நேரக்கணக்கு அதிலிருந்து கிடைத்துவிடும்.